பொதுமக்கள் கருத்துக் கேட்பை ஒழுங்கான தரவாக நடத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

அரசு ஒரு வரைவை வெளியிட்டு மக்களிடம் கருத்துக் கேட்கும்போது பெரும்பாலும் நமக்குக் கிடைப்பது மூன்றுதான்: ஒரு பிடிஎஃப் கோப்பு, ஒரு மின்னஞ்சல் முகவரி, ஒரு கடைசித் தேதி. மக்கள் எழுதுகிறார்கள். ஆயிரக்கணக்கில், சில நேரம் லட்சக்கணக்கில் வந்து குவிகிறது. சில மாதமோ சில வருடமோ கழித்து இறுதி அறிவிக்கை வருகிறது. அதில் "பெறப்பட்ட ஆட்சேபணைகளும் ஆலோசனைகளும் உரியவாறு பரிசீலிக்கப்பட்டன" என்று ஒரு வரி இருக்கும். எந்தக் கருத்தால் எந்தப் பிரிவு மாறியது, எது ஏன் ஏற்கப்படவில்லை என்று கேட்டால் யாரிடமும் பதில் இருக்காது. கோப்பைக் கையாண்ட அலுவலரிடம்கூட இருக்காது, ஏனென்றால் அவர் முன்னால் இருந்ததும் ஒரு மின்னஞ்சல் குவியல்தான்.

அந்த ஒரு வரியின் இடத்தில் ஒரு முழு அட்டவணை வர வேண்டும் என்பதற்காகத்தான் இந்த வழிகாட்டி. இது பேராசை ஒன்றுமில்லை. மத்திய அரசின் 2014ஆம் ஆண்டு சட்டமியற்றலுக்கு முந்தைய கலந்தாய்வுக் கொள்கையே, வரைவைக் குறைந்தது 30 நாள் பொதுவெளியில் வைக்க வேண்டும், வந்த கருத்துகளின் சுருக்கத்தைத் துறையின் இணையதளத்தில் போட வேண்டும் என்று சொல்கிறது. மாநிலங்களை அது கட்டுப்படுத்தாது. மத்திய அமைச்சகங்களும் காரணத்தைப் பதிவு செய்துவிட்டு விலக்குப் பெறலாம். ஆனால் கொள்கை இருந்தும் சுருக்கம் வராமல் போவதற்கு மனமின்மை மட்டும் காரணமில்லை. வந்த கருத்துகள் சுருக்கவே முடியாத வடிவத்தில் வந்து சேர்கின்றன என்பதும் ஒரு காரணம். அந்தப் பாதியை நம்மால் சரிசெய்ய முடியும்.

ஒழுங்கான தரவு என்று நான் சொல்வது மிக எளிய விஷயம். ஒவ்வொரு தகவலும் தனித்தனிக் கட்டத்தில் பெயரோடு இருக்க வேண்டும். கடைசித் தேதி ஒரு கட்டம், பிரிவு எண் ஒரு கட்டம், கருத்து ஒரு கட்டம். மனிதர் படிப்பதைப் போலவே கணினியும் அதை எடுத்து வரிசைப்படுத்தவும் எண்ணவும் இன்னொன்றோடு இணைக்கவும் முடிய வேண்டும். துறைகளின் இணையதளத்தைக் கவனிப்பவர்களுக்கும், கருத்துகளைத் தொகுக்கும் அலுவலர்களுக்கும், வெளியிலிருந்து இதையெல்லாம் பின்தொடரும் அமைப்புகளுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

விளக்கத்துக்காக ஒரு கற்பனை வரைவை வைத்துக்கொள்வோம்: ஏரி, குளம், கண்மாய்களில் விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் வண்டல் மண் எடுப்பதற்கான விதிகள். அதில் விதி 4(1), விண்ணப்பத்தோடு பட்டா நகல் இணைக்க வேண்டும் என்கிறது. விதி 4(3), ஒருவருக்கு இத்தனை டிராக்டர் நடைதான் என்கிறது. இந்த இரண்டு விதிகள் போதும் நமக்கு.

படி 1: கடைசி அட்டவணையை முதலில் வரையுங்கள்

படிவம் தயாரிப்பதிலிருந்துதான் எல்லோரும் தொடங்குவார்கள். அப்படித் தொடங்கினால் பெயர், முகவரி, தொலைபேசி, "உங்கள் கருத்து" என்று ஒரு பெரிய பெட்டி, அவ்வளவுதான் வரும். அதற்குப் பதில், எல்லாம் முடிந்தபிறகு நீங்கள் வெளியிடப்போகும் பதில் அட்டவணையின் ஒரு வரியை முதலில் எழுதிப் பாருங்கள். நம் வண்டல் மண் விதிகளுக்கு அது இப்படி இருக்கலாம்:

வரைவு விதி: 4(1)
கருத்தின் சாரம்: குத்தகைக்கும் வாரத்துக்கும் உழுபவர்களிடம் பட்டா கிடையாது; பட்டா கேட்டால் உண்மையில் உழுபவர் யாரும் மண் எடுக்க முடியாது.
சொன்னவர்கள்: குத்தகை விவசாயிகள், விவசாய சங்கங்கள்
கருத்து எண்கள்: இந்தச் சாரம் உள்ள எல்லாக் கருத்துகளின் பட்டியலுக்கும் ஓர் இணைப்பு
துறையின் முடிவு: பகுதியளவு ஏற்பு
காரணம்: சாகுபடி செய்பவர் என்பதற்கு ஏதாவது ஓர் ஆதாரம் தேவை, பட்டா இல்லாதவர்கள் கிராம நிர்வாக அலுவலர் தரும் சாகுபடிச் சான்றைத் தரலாம்.
இறுதி விதி: 5(1)

இந்த ஒரு வரியிலிருந்தே மொத்த அமைப்பும் பிறந்துவிடும். விதி எண் வேண்டுமென்றால் வரைவில் ஒவ்வொரு விதிக்கும் நிலையான அடையாளம் இருக்க வேண்டும். சொன்னவர்கள் யார் என்பது வேண்டுமென்றால் படிவத்தில் அதைக் கேட்டிருக்க வேண்டும். கருத்து எண் வேண்டுமென்றால் வந்தவுடன் ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்திருக்க வேண்டும். வரைவில் 4(1) ஆக இருந்தது இறுதியில் 5(1) ஆகியிருக்கிறது பாருங்கள். நடுவில் ஒரு புது விதி நுழைந்தால் எண்கள் எல்லாம் தள்ளிப்போகும். பழைய எண்ணையும் புதிய எண்ணையும் இணைக்கும் அட்டவணை இல்லாவிட்டால், தன் கருத்து என்ன ஆனது என்று தேடுகிறவர் அங்கேயே தொலைந்துபோவார்.

இந்த வரியைத் துறையின் மேலதிகாரியிடம் காட்டி, இப்படி ஒரு பதிலை வெளியிடுவோமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். வெளியிட மாட்டோம் என்றால் மற்ற படிகளின் பயன் பாதியாகக் குறைந்துவிடும்.

படி 2: கருத்துக் கேட்புக்கு ஓர் எண், ஒரே முகவரி

ஒவ்வொரு கருத்துக் கேட்புக்கும் மாறாத ஓர் அடையாள எண் கொடுங்கள். துறை, ஆண்டு, வரிசை எண் போதும்: "நீர்-2025-014" மாதிரி. அமெரிக்காவின் ரெகுலேஷன்ஸ்.கவ் தளம் 2003லிருந்து இயங்குகிறது. அங்கே வரைவு, துணை ஆவணங்கள், வந்த கருத்துகள் எல்லாம் ஒரே கோப்பு எண்ணின் கீழ் வரும். அந்த எண்ணைத் தட்டினால் மொத்த வரலாறும் கிடைக்கும்.

முகவரியும் மாறக்கூடாது. நம் துறைத் தளங்களில் அறிவிப்பு "புதியவை" பகுதியில் இருக்கும். தேதி முடிந்ததும் "ஆவணக் காப்பகம்" போகும். தளத்தைப் புதுப்பித்தால் காணாமலே போகும். பிரிட்டனின் கவ்.யுகே தளத்தில் இதை அழகாகச் செய்திருக்கிறார்கள். ஒரு கருத்துக் கேட்புக்கு ஒரே பக்கம்தான். அதன் நிலை மட்டும் மாறும்: முதலில் திறந்திருக்கிறது, பிறகு முடிந்தது, கடைசியில் முடிவு வெளியானது. தொடங்கிய தேதி, முடியும் தேதி, முடிவு எல்லாம் தனித்தனிக் கட்டங்களில் இருப்பதால், அதே பக்கத்தின் தகவலை ஜேசான் என்ற, கணினி எளிதாகப் படிக்கும் வடிவில் கணினிக்கும் தருகிறது அந்தத் தளம். மூன்று வருடம் முன்பு முடிந்தும் "முடிவு வெளியானது" நிலைக்கு வராதவை எவை என்று யார் வேண்டுமானாலும் பட்டியல் எடுக்கலாம். நிலை என்ற ஒரே ஒரு கட்டத்தால் கிடைக்கும் பலன் அது.

நம் பதிவில் குறைந்தபட்சம் இவை இருக்கட்டும்: அடையாள எண், தலைப்பு (தமிழிலும் ஆங்கிலத்திலும்), துறை, எந்தச் சட்டத்தின் கீழ், அரசிதழ் எண்ணும் தேதியும், தொடக்கம், முடிவு, நிலை, வரைவின் முகவரி, விளக்கக் குறிப்பின் முகவரி, கருத்து அனுப்பும் வழிகள், பாதிக்கப்படும் பகுதி, தொடர்பு அலுவலரின் பதவி. அலுவலர் பெயர் வேண்டாம். அவர் மாறுதலாகிப் போய்விடுவார்.

படி 3: தேதியை யாரும் இரண்டாகப் படிக்க முடியாதபடி எழுதுங்கள்

தேதியில் என்ன சிக்கல் இருக்கப்போகிறது என்று தோன்றலாம். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை 2020ஐப் பாருங்கள். வரைவின் தேதி 2020 மார்ச் 23. அரசிதழில் வெளியானது ஏப்ரல் 11. ஆட்சேபணைக்கு 60 நாள். கொரோனா ஊரடங்கு நடந்துகொண்டிருந்ததால் அவகாசத்தை நீட்டித்து மே மாதம் ஓர் அறிவிக்கை வந்தது. அதில் ஜூன் 30 என்று இருந்தது. அந்த நீட்டிப்பின் வாசகம் தெளிவாக இல்லை என்று வழக்குப் போனது. டெல்லி உயர் நீதிமன்றம் ஜூன் 30 அன்று, கடைசி நாளை ஆகஸ்ட் 11 என்று நீட்டித்தது. அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளில் வரைவை மொழிபெயர்த்து வெளியிடவும் சொன்னது. நாடு முழுவதும் லட்சக்கணக்கானோர் எழுதிய ஒரு வரைவுக்குக் கடைசி நாள் எது என்று சொல்ல ஒரு நீதிமன்றம் தேவைப்பட்டது.

எனவே "வெளியான நாளிலிருந்து 60 நாட்களுக்குள்" என்பதைச் சட்ட வாசகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பதிவில் கணக்குப் போட்ட தேதியையே எழுதுங்கள். நேரமும் வேண்டும்: மாலை 5.45ஆ, இரவு 11.59ஆ? கணினிக்கான வடிவம் ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில், இந்திய நேரத்துக்கான +05:30 சேர்த்து இருக்கட்டும். 05/06 என்று எழுதினால் அது ஜூன் 5ஆ மே 6ஆ என்று கணினி குழம்பும்.

நீட்டிப்பு வந்தால் பழைய தேதியை அழித்துப் புதியதைப் போடாதீர்கள். நீட்டிப்பை ஒரு தனி வரியாகச் சேருங்கள்: முந்தைய கடைசி நாள், புதிய கடைசி நாள், எந்த உத்தரவின்படி, உத்தரவு தேதி. கடைசியாக உள்ள வரிதான் நடப்பில் இருப்பது. யாரும் வழக்குக்குப் போகத் தேவையிருக்காது.

படி 4: வரைவின் ஒவ்வொரு விதிக்கும் முகவரி கொடுங்கள்

இருப்பதிலேயே உழைப்பு அதிகம் கேட்கும் படி இதுதான். பலனும் இதில்தான் அதிகம்.

கையெழுத்திட்டு ஸ்கேன் செய்த பிடிஎஃப் சட்டபூர்வமான பிரதி, அது இருக்கட்டும். அதோடு கூடவே வரைவைச் சாதாரண இணையப் பக்கமாகவும் போடுங்கள். ஒவ்வொரு விதிக்கும், உட்பிரிவுக்கும், விளக்கத்துக்கும், இணைப்பில் உள்ள படிவத்துக்கும் தனி அடையாளம் கொடுங்கள். "நீர்-2025-014/விதி-4/1" என்பது பட்டா பற்றிய அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் குறிக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் ஒருவர் இன்னொருவருக்கு அந்த இணைப்பை அனுப்பினால், திறந்தவுடன் அந்த வாக்கியம் கண்முன் நிற்க வேண்டும். 80 பக்க பிடிஎஃப் அனுப்பி "அம்பத்தி ரெண்டாம் பக்கம் பாருங்கண்ணே" என்று சொல்லும் நிலை இருந்தால் விவசாயியின் கருத்து வராது, வழக்கறிஞரின் கருத்து மட்டும்தான் வரும்.

சட்ட ஆவணங்களுக்கென்றே அகோமா என்டோசோ என்ற எக்ஸ்எம்எல் தரம் (ஆவணத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் பெயரிட்டுக் குறிக்கும் கோப்பு வடிவம்) இருக்கிறது. 2018இல், இப்படிப்பட்ட தரங்களை வகுக்கும் ஓயாசிஸ் அமைப்பு அதை அதிகாரபூர்வத் தரமாக்கியது. பெரிய அளவில் செய்பவர்கள் அதைப் பார்க்கலாம். ஒரு துறையின் ஒரு வரைவுக்கு அது தேவையில்லை. பக்கத்தின் ஒவ்வொரு பத்திக்கும் ஓர் அடையாளம் இருந்தாலே போதும்.

மொழிபெயர்ப்பு இங்கேதான் சேர்கிறது. தமிழ் வரைவின் விதி 4(1)க்கும் ஆங்கில வரைவின் விதி 4(1)க்கும் ஒரே அடையாளம், மொழிக் குறி மட்டும் வேறு. அப்போதுதான் தமிழில் எழுதியவரின் கருத்தும் ஆங்கிலத்தில் எழுதியவரின் கருத்தும் ஒரே இடத்தில் வந்து சேரும். இல்லாவிட்டால் தமிழில் வந்தவை தனிக் கட்டாக ஒதுங்கி, "மொழிபெயர்த்தபின் பார்க்கலாம்" என்று கிடக்கும்.

விதிகளைத் தவிரக் கேள்விகளும் கேட்கலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2015 மார்ச் 27 அன்று வெளியிட்ட இணையச் சேவைகள் பற்றிய கலந்தாய்வு அறிக்கை 118 பக்கம். ஆனால் முடிவில் எண்ணிட்ட 20 கேள்விகள் இருந்தன. அந்த எண்கள் இருந்ததால்தான் தன்னார்வலர்களால் கேள்வி வாரியாக மாதிரிப் பதில்கள் தயாரிக்க முடிந்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் போயின. எண்ணிட்ட கேள்விக்கு உள்ள பலம் அது. அதே நிகழ்வில் நடந்த இன்னொன்றுக்குப் படி 6இல் வருகிறேன்.

படி 5: படிவம்

ஒரு கருத்து என்பது நான்கு கட்டம்: எந்த விதி, நிலைப்பாடு (ஆதரவு, எதிர்ப்பு, திருத்தம் வேண்டும், விளக்கம் வேண்டும்), காரணம், மாற்று வாசகம் இருந்தால் அது. ஒருவர் எத்தனை விதிகளுக்கு வேண்டுமானாலும் இந்த நான்கையும் சேர்க்கலாம். எந்த விதியிலும் அடங்காத கருத்துக்கு "பொது" என்று ஓர் இடம் கட்டாயம் வேண்டும். "இந்த விதியே வேண்டாம்" என்பதும், "முக்கியமான ஒன்றை விட்டுவிட்டீர்கள்" என்பதும் அங்கேதான் வரும். விதி வாரியான படிவத்தின் ஆபத்தே, அரசு எழுதிவைத்த சட்டகத்துக்குள் மட்டும் பேசச் சொல்வது. மண்பாண்டத் தொழிலாளர்களைப் பற்றி வரைவில் ஒரு வரியும் இல்லையென்றால் அவர்கள் எந்த விதியைத் தேர்ந்தெடுப்பார்கள்?

எழுதுகிறவரைப் பற்றிக் கேட்பதைக் குறைவாக வையுங்கள்: எந்த நிலையில் எழுதுகிறார் (விவசாயி, குத்தகை விவசாயி, தொழிலாளர், சங்கம், நிறுவனம், ஆய்வாளர், மற்றவை), அமைப்பின் சார்பிலா தன் சார்பிலா, எந்த மாவட்டம், வட்டம், ஊராட்சி. ஊர்ப் பெயரைத் தட்டச்சு செய்யச் சொல்லாதீர்கள். புதூர் என்று தமிழ்நாட்டில் எத்தனை ஊர்! மத்திய ஊராட்சி அமைச்சகத்தின் உள்ளாட்சி அடைவில் ஒவ்வொரு ஊராட்சிக்கும் ஒரு குறியீட்டு எண் இருக்கிறது; பட்டியலிலிருந்து தேர்வு செய்தால் அந்த எண் பதிவாகட்டும்.

இடத்தைக் கேட்பதால் என்ன பயன் என்பதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் 2018ஆம் ஆண்டுக் கருத்துக் கேட்பு நல்ல சான்று. கோடைகால நேர மாற்றத்தைக் கைவிடலாமா என்று கேட்டார்கள். 46 லட்சம் பதில்கள் வந்தன. 84 சதவீதம் பேர் கைவிடச் சொன்னார்கள். நாடு என்ற கட்டம் இருந்ததால் இன்னொன்றும் தெரிந்தது: ஏறத்தாழ 70 சதவீதப் பதில்கள் ஜெர்மனி என்ற ஒரே நாட்டிலிருந்து வந்தவை. அந்தக் கட்டம் இல்லாவிட்டால் அந்த 84ஐ மொத்த ஐரோப்பாவின் குரலாகவே எல்லோரும் படித்திருப்பார்கள்.

அப்புறம், இணையப் படிவம் மட்டும் என்று ஒருபோதும் வைக்காதீர்கள். கையால் எழுதிய மனு, அஞ்சல், கிராம சபைத் தீர்மானம், நேரில் சொன்னது எல்லாம் அதே அட்டவணைக்குள் வர வேண்டும். அலுவலகத்தில் ஒருவர் மனுவைப் படித்து விதி வாரியாகப் பதிவு செய்து, மூலத்தை ஸ்கேன் செய்து இணைக்கட்டும். "வந்த வழி" என்ற கட்டத்தில் அஞ்சல், நேரில், படிவம், மின்னஞ்சல் என்று குறியுங்கள். ஒரு கிராம சபைத் தீர்மானத்தை ஒரு கருத்தாக எண்ணுவதா, அதில் கையெழுத்திட்ட அத்தனை பேராக எண்ணுவதா என்ற கேள்வி வரும். இரண்டையும் தனிக் கட்டங்களில் வையுங்கள்: ஆவணம் 1, கையெழுத்து இத்தனை.

அனுப்பியவுடன் கருத்து எண்ணோடு ஒப்புகை போக வேண்டும். கைபேசிக்குக் குறுஞ்செய்தியாகப் போனாலும் சரி, மனு கொடுத்தவருக்குச் சீட்டில் எழுதிக் கொடுத்தாலும் சரி. அந்த எண்தான் பின்னால் தன் கருத்துக்கு என்ன பதில் வந்தது என்று அவர் தேடும் சாவி.

படி 6: ஆளையும் கருத்தையும் இரண்டு அட்டவணையில் வையுங்கள்

2015 ஏப்ரல் 27 அன்று டிராய் தனக்கு வந்த மின்னஞ்சல்களைத் தன் தளத்தில் வெளியிட்டது. வெளிப்படைத்தன்மைக்காகத்தான் செய்தது. ஆனால் அனுப்பியவர்களின் மின்னஞ்சல் முகவரிகளும் கூடவே வெளியாயின, பத்து லட்சத்துக்கும் மேல். விளம்பரக்காரர்களுக்கும் மோசடிக்காரர்களுக்கும் ஒரே இடத்தில் அத்தனை முகவரியும் கிடைத்துவிட்டது. அடுத்த முறை எழுத நினைப்பவர் எத்தனை தயங்குவார்!

தீர்வு எளிது. பெயர், மின்னஞ்சல், தொலைபேசி ஓர் அட்டவணையில். கருத்து எண், விதி, நிலைப்பாடு, காரணம், ஊர்க் குறியீடு இன்னொன்றில். இரண்டையும் இணைக்கும் சாவி துறைக்குள் மட்டும். வெளியிடுவது இரண்டாவதை மட்டும். அமைப்புகளின் பெயர் வெளியிடப்படும் என்று படிவத்திலேயே சொல்லிவிடுங்கள். தனிநபர் பெயரை அவர் விரும்பினால் மட்டும். கருத்துக்குள்ளேயே சிலர் தொலைபேசி எண்ணையும் சர்வே எண்ணையும் எழுதியிருப்பார்கள். வெளியிடும் முன் அதை மறைக்க வேண்டும். மணல் கொள்ளையைப் பற்றிப் பெயர் சொல்லி எழுதிய கருத்தை அப்படியே வெளியிட்டால் எழுதியவரின் உயிருக்கே ஆபத்து வரலாம். சிறு ஊராட்சியில் "குத்தகை விவசாயி, பெண்" என்ற இரண்டே குறிப்பில் ஆள் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட இடங்களில் வெளியீட்டில் வட்டம் வரை மட்டும் காட்டுங்கள்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. எல்லாவற்றையும் மூடிவைப்பது. 2025 ஜனவரியில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்பு வரைவு விதிகளுக்கு மத்திய அரசின் மைகவ் தளத்தில் விதி வாரியாகக் கருத்துக் கேட்டார்கள். எளிய மொழியில் விளக்கக் குறிப்பும் இருந்தது. நல்ல வடிவம். ஆனால் வரும் கருத்துகள் வெளியிடப்படமாட்டா என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். நிறுவனங்கள் என்ன கேட்டன, குடிமக்கள் என்ன கேட்டார்கள் என்று ஒப்பிட வழியில்லாமல் போனது. ஆளை மறைத்துக் கருத்தைத் திறந்து வைக்கலாம் என்னும்போது இரண்டையும் சேர்த்து மூடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

படி 7: தமிழ் எழுத்தைச் சீராக்குங்கள்

இதை யாரும் சொல்லித்தருவதில்லை, எனவே கொஞ்சம் விரிவாக.

"கொ" என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: க + ொ என்று இரண்டு குறிகளாக, அல்லது க + ெ + ா என்று மூன்றாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு அவை வேறு வேறு. "கொள்ளிடம்" என்று தேடினால் பாதிதான் வரும். பதிவாகும்போதே எல்லாவற்றையும் என்எஃப்சி என்ற சீர்வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். எந்த நிரலாக்க மொழியிலும் ஒரு வரி வேலை. "ஸ்ரீ" இன்னும் மோசம்: ஸகரத்தில் தொடங்கியும் ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம், என்எஃப்சி அதைச் சேர்க்காது, அதற்குத் தனி விதி எழுத வேண்டும். "ஔ" எழுத வேண்டிய இடத்தில் ஒகரத்தோடு ளகரத்தைச் சேர்த்து அடித்தவையும் வரும்.

வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் இன்னும் வருகின்றன. தமிழ்நாடு அரசு 2010லேயே யூனிகோடையும் டேஸ்16 என்ற தமிழ்க் குறிமுறையையும் தரமாக ஏற்றுக்கொண்டது. ஆனாலும் தட்டச்சு மையத்தில் மனு அடித்துத் தருபவர் பழகிய எழுத்துருவைத்தான் பயன்படுத்துவார். அதை நிராகரிக்காதீர்கள், மாற்றியில் போட்டு மாற்றி, மூலத்தையும் வையுங்கள்.

சொற்களும் கவனிக்க வேண்டியவை. வடமாவட்டத்தில் ஏரி, மதுரை, சிவகங்கைப் பக்கம் கண்மாய், பேச்சில் கம்மாய், நெல்லையில் குளம். மூன்றுக்கும் ஒரே கருத்துக்குறி வேண்டும். "வாரம்" என்று எழுதியவர் ஏழு நாளைச் சொல்கிறாரா, விளைச்சலில் பங்கு தரும் சாகுபடியைச் சொல்கிறாரா என்று இயந்திரத்துக்குத் தெரியாது. "பட்டாவை", "பட்டாவுக்கு", "பட்டாயில்லாத" எல்லாம் ஒரு சொல்லின் வடிவங்கள். முழுச் சொல்லை மட்டும் எண்ணினால் கணக்குத் தப்பும். வரைவு வெளியாகும் முன்பே ஊர் வழக்குச் சொற்களின் சிறு பட்டியல் ஒன்றைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

படி 8: ஒரே மாதிரிக் கடிதங்களும் போலிகளும்

ஓர் இயக்கம் மாதிரிக் கடிதம் தயாரித்து ஆயிரக்கணக்கானோர் அனுப்புவது குற்றமில்லை. கூட்டாகப் பேசுவதும் பேசுவதுதான். ஒரே வாசகம் உள்ளவற்றை ஒரு தொகுப்பாக்கி, வாசகத்தை ஒருமுறையும் எண்ணிக்கையையும் வெளியிடுங்கள். ஆனால் "நகல்" என்று தள்ளும் முன் ஒன்று செய்யுங்கள்: மாதிரிக் கடிதத்தின் வாசகத்தை நீக்கிவிட்டு மீதி என்ன இருக்கிறது என்று பாருங்கள். பலர் அடியில் இரண்டு வரி தாங்களாகச் சேர்த்திருப்பார்கள். "எங்க ஏரிக்கரையில் மூன்று இடத்தில் உடைப்பு இருக்கிறது, அதை அடைக்காமல் மண் எடுத்தால் கரை நிற்காது." அந்த இரண்டு வரிதான் துறைக்குப் புதிய தகவல்.

போலிகள் வேறு. அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் 2017இல் இணையச் சமநிலை (இணைய நிறுவனங்கள் எல்லாத் தளங்களையும் பாரபட்சமின்றி நடத்த வேண்டும் என்பது) பற்றிக் கருத்துக் கேட்டபோது 2.2 கோடிக்கு மேல் வந்தது. நியூயார்க் அரசு தலைமை வழக்கறிஞர் அலுவலகத்தின் 2021ஆம் ஆண்டு அறிக்கை, அதில் ஏறத்தாழ 1.8 கோடி போலி என்று கண்டது. பிராட்பேண்ட் நிறுவனங்களின் பணத்தில் நடந்த பிரசாரம், நிஜ மனிதர்களின் பெயரில் அவர்களுக்குத் தெரியாமலே 85 லட்சம் கருத்துகளை நுழைத்தது. எதிர்த்தரப்பில் 19 வயதுக் கல்லூரி மாணவர் ஒருவர் கற்பனைப் பெயர்களில் 77 லட்சத்துக்கு மேல் அனுப்பினார்.

இதைப் பார்த்து ஆதார் கேட்கலாம் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். கருத்துக் கேட்பு வாக்கெடுப்பு அன்று. தலை எண்ணிக்கையால் முடிவெடுக்காவிட்டால் போலித் தலைகளுக்கு மதிப்பும் இல்லை. மின்னஞ்சலுக்கோ கைபேசிக்கோ ஒருமுறைக் குறியீடு அனுப்பிச் சரிபார்த்தால் போதும். வந்த நேரமும் வந்த வழியும் பதிவாகியிருந்தால், நள்ளிரவில் ஒரே நிமிடத்தில் வந்த பல ஆயிரம் தானாகக் கண்ணில் படும். அவற்றை அழிக்காமல் "சந்தேகம்" என்று குறித்து, குறித்த காரணத்தையும் எழுதி வையுங்கள்.

படி 9: காரணங்களை வகைப்படுத்துங்கள்

முதலில் வந்தவற்றில் சில நூறைக் கலவையாக எடுத்து இருவர் தனித்தனியாகப் படியுங்கள். எந்தெந்தக் காரணங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன என்று பட்டியல் போடுங்கள்: பட்டா இல்லை, நடை எண்ணிக்கை போதாது, வணிகர் நுழைவார்கள், கரை பலவீனமாகும். இருவரின் பட்டியலையும் ஒப்பிட்டு ஒன்றாக்கிய பிறகு மீதியை வகைப்படுத்துங்கள். ஒரே கருத்துக்கு இரண்டு மூன்று குறிகள் இருக்கலாம். இப்போது மொழி மாதிரிகளை (எழுத்தைப் படித்து வகைப்படுத்தும் செயற்கை நுண்ணறிவை) கொண்டு இதைச் செய்ய எல்லோருக்கும் ஆசை. உதவிக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் இயந்திரம் போட்ட குறி எது, மனிதர் போட்டது எது என்று தனிக் கட்டம் இருக்கட்டும். ஒரே ஒருவர் மட்டும் சொன்ன காரணங்களை மனிதர்தான் படிக்க வேண்டும். இயந்திரம் அவற்றை "மற்றவை"யில் போட்டுவிடும், பல நேரம் வரைவின் உண்மையான ஓட்டையைக் கண்டவர் அவராகத்தான் இருப்பார்.

படி 10: வெளியீடு

பக்கத்துக்குள் ஜேசான்-எல்டி (இணையப் பக்கத்துக்குள் தரவைச் சேர்க்கும் ஜேசான் வகை) வடிவில் அந்தப் படி 2 பதிவைச் சேருங்கள். இணையத் தளங்கள் பொதுவாகப் பயன்படுத்தும் கட்டப் பெயர்களின் தொகுதியான ஸ்கீமா.ஆர்க் சொல்தொகுதியில் கருத்துக் கேட்புக்கு நேரடியாகப் பொருந்தும் வகை இல்லை. அரசு அமைப்பு, சட்டம், கேள்வி, கருத்து ஆகியவற்றுக்கு உண்டு, அவற்றை வைத்துக் கட்டலாம். பிரிட்டன் அரசு 2009 வாக்கிலேயே ஆர்டிஎஃப்ஏ என்ற, பக்கத்தின் வாசகத்திலேயே தரவுக் குறிகளைச் சேர்க்கும் முறையில் இதைச் செய்து பார்த்தது. எல்லாத் துறைகளும் ஒரே கட்டப் பெயர்களைப் பயன்படுத்தினால், "என் மாவட்டத்தைப் பாதிக்கும், இன்னும் பத்து நாளில் முடியப்போகும் கருத்துக் கேட்புகள்" என்று ஒரே பட்டியல் எடுக்க முடியும். இதைத் துறைதான் செய்ய வேண்டுமென்பதும் இல்லை, ஒரு கல்லூரி மாணவர் செய்துவிடுவார்.

கருத்துகளைச் சிஎஸ்வி (விரிதாளில் திறக்கும் எளிய அட்டவணை) கோப்பாக, அரசின் திறந்த தரவு உரிமத்தின் கீழ் போடுங்கள். கட்டங்களின் விளக்கத்தைத் தமிழிலும் எழுதுங்கள். பிறகு படி 1இல் வரைந்த அந்தப் பதில் அட்டவணை. ஏற்பு, பகுதியளவு ஏற்பு, ஏற்கவில்லை, இந்த விதிகளின் வரம்புக்கு வெளியே என்று நான்கு முடிவுகள். ஒவ்வொன்றுக்கும் காரணம் கட்டாயம். "பரிசீலிக்கப்பட்டது" என்பதை ஒரு முடிவாக அனுமதிக்கவே கூடாது. ஒப்புகை எண் வைத்திருப்பவர்களுக்கு, அவர்கள் கருத்து சேர்ந்த வரியின் இணைப்பைக் குறுஞ்செய்தியில் அனுப்புங்கள்.

துறை செய்யாவிட்டால்

வெளியிலிருந்தும் பாதி வேலையைச் செய்யலாம். வரைவு வந்த அன்றே அதை விதி வாரியாகப் பிரித்து ஒரு விரிதாளில் போடுங்கள். உங்கள் ஊர்க் கூட்டத்தில் அந்த விரிதாளை வைத்துக்கொண்டு பேசி, ஒவ்வொரு கருத்தையும் விதி எண், நிலைப்பாடு, காரணம், மாற்று வாசகம் என்று பதிவு செய்யுங்கள். அனுப்பும்போது அந்த அட்டவணையாகவே, ஒவ்வொரு வரிக்கும் உங்கள் எண்ணோடு அனுப்புங்கள். வந்த நாளன்று பக்கத்தின் நகலைச் சேமித்துக்கொள்ளுங்கள், தேதி மாறினால் காட்டுவதற்கு.

இறுதி விதிகள் வந்ததும் வரைவோடு வைத்து ஒப்பிட்டு, உங்கள் அட்டவணையின் கடைசிக் கட்டத்தை நீங்களே நிரப்புங்கள்: மாறியது, மாறவில்லை. மாறாதவற்றுக்குக் காரணம் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். "கருத்துகள் மீதான நடவடிக்கை என்ன" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். "வரைவு விதி 4(1) பற்றிப் பெறப்பட்ட கருத்துகளின் எண்ணிக்கை, அவற்றைப் பற்றிக் கோப்பில் எழுதப்பட்ட குறிப்புகளின் நகல்" என்று கேளுங்கள். அதே சட்டத்தின் பிரிவு 4(1)(இ), மக்களைப் பாதிக்கும் முக்கியக் கொள்கைகளை வகுக்கும்போது தொடர்புடைய எல்லா விவரங்களையும் அரசு தானாக வெளியிட வேண்டும் என்கிறது. விண்ணப்பத்தில் அதையும் குறிப்பிடுங்கள். 30 நாளில் பதில் வரவில்லை என்றால் முதல் மேல்முறையீடு. வரும் பதிலை, அது எவ்வளவு சிறியதானாலும், அந்த விதியின் வரிக்கு நேராகவே பதிந்து வெளியிடுங்கள்.